பழைய ஆக்சென்ட்டுக்குப் புதுக் கன்வெர்ட்டர்: மாட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பீளமேடு_ஆக்சென்ட்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2005 ஹூண்டாய் ஆக்சென்ட், 1.5 பெட்ரோல், கோவைப் பதிவு. அப்பா ஷோரூமில் புதிதாக எடுத்தது, இன்றைக்கும் அவர்தான் அதிகம் ஓட்டுகிறார். பாடி சுத்தம், உள்ளே சீட் கவர் கூட நன்றாக இருக்கிறது. விற்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை.

பிரச்சினை சைலன்சர் பக்கம். பின்பெட்டி அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. நடுப் பைப்பில் பழைய வெல்டிங் இரண்டு இடத்தில் விட்டுக்கொண்டு வருகிறது. அதற்காகத்தான் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். லிஃப்டில் ஏற்றியதும் மெக்கானிக் கன்வெர்ட்டரை, அதாவது சைலன்சர் பைப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் டப்பாவை, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. பீங்கான் உடைந்து உருள்கிறது, துண்டுகள் புகை போகும் வழியை அடைக்கின்றன, மேட்டில் இழுவை இல்லாததற்கும் இதுதான் காரணம் என்றார்.

அவர்கள் சொன்ன வழி: உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு வெறும் டப்பாவைத் திரும்ப மாட்டுவது, கிட்டத்தட்டச் செலவே இல்லை. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆவது வீட்டு போர்ட்டிகோவில். அதை ஒட்டிய அறையில்தான் பாட்டி படுத்திருக்கிறார், என் குழந்தையும் பாதி நேரம் அங்கேதான். அதனால் கன்வெர்ட்டர், நடுப் பைப், பின்பெட்டி மூன்றையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.

என் கவலை, அவ்வளவு காசு போட்டு மாட்டுகிற புதியதும் இதே கதிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதுதான். வண்டியின் இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டரை ஒட்டி ஆயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் கறுப்பாக, ஈரமாக வருகிறது. டெம்பரேச்சர் முள் மட்டும் எப்போதும் கால்வாசியைத் தாண்டாது, நெடுஞ்சாலையில் போனால் இன்னும் கீழே இறங்கும். சூடாவதே இல்லை என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

மாட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்டீம்_ரசிகன்:

நண்பரே, ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடியே செய்துவிடுங்கள். என் எஸ்டீமில் கன்வெர்ட்டரை எடுத்துப் பல வருடம் ஆகிறது. பிக்கப் நன்றாக இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை. இருபது வருட வண்டிக்கு அவ்வளவு செலவு தேவையா என்று யோசியுங்கள்.

மேட்டுப்பாளையம்_மணி:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. குத்தி எடுக்கும் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். ஆனால் புதுக் கன்வெர்ட்டருக்கு இன்றைக்கே ஆர்டரும் போட்டுவிடாதீர்கள்.

ஒழுங்காக ஓடும் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற கன்வெர்ட்டர் வண்டி உள்ளவரை உழைக்கும். அதற்கு முன்பே போய்விட்டது என்றால் அதைக் கெடுத்தது எதுவோ அது இன்னும் உங்கள் இன்ஜினில்தான் இருக்கிறது. ஊட்டி ரோட்டில் பட்டறை வைத்திருந்த காலத்தில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு எங்கேயோ புதுக் கன்வெர்ட்டர் போட்டுக்கொண்டு வருவார்கள். சில மாதத்திலேயே இழுவை இல்லை என்று என்னிடம் வந்து நிற்பார்கள். கழற்றினால் புதியதும் உருகியிருக்கும். சைலன்சர் வேலை பார்த்தவர் இன்ஜினைப் பார்த்திருக்க மாட்டார், இன்ஜின் வேலை பார்த்தவர் சைலன்சரைப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் பழையதைக் கழற்றியதும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. உடைந்த துண்டுக்கும் காசு உண்டு, அதை வாங்கவென்றே ஆள் வருவார்கள். இலவசமாகக் குத்தி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தத் துண்டுகள் யாரிடம் போகும் என்று கேளுங்கள்.

காசை விட முக்கியமான காரணம், என்ன நடந்தது என்பது அதற்குள்தான் எழுதியிருக்கிறது. இரண்டு வாய் வழியாகவும் டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் கன்வெர்ட்டரில் தேனடை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள் ஒரே சீராகத் தெரியும். இன்ஜின் பக்கத்து முகத்தில் கட்டங்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே வந்து எரிந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண ஓட்டத்தில் அதற்குள் 400 முதல் 800 டிகிரி வரை சூடு இருக்கும். அந்தப் பீங்கான் உருக வேண்டுமானால் 1,400 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறும் இன்ஜின்தான் அந்தச் சூட்டைக் கொடுக்கும். உருகல் எதுவும் இல்லாமல் விளிம்புகள் கூர்மையாக உடைந்திருந்தால் வெளியே அடிபட்டிருக்கும், அல்லது சூடாக இருந்தபோது தண்ணீரில் இறங்கியிருக்கும், அல்லது சைலன்சர் ரப்பர்கள் போய் பைப் ஆடி ஆடி உடைத்திருக்கும். கட்டங்கள் அப்படியே இருந்து முகத்தில் மட்டும் வெளுத்த படலம் படிந்திருந்தால் ஆயில் சாம்பல், இல்லையென்றால் கூலன்ட். டப்பாவை வெட்டிப் பார்ப்பதானால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் நார்ப் பாயின் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை.

இப்போது நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு வருகிறேன்.

மூன்றாவது பிளக் ஈரம் என்றீர்கள். எந்த ஈரம்? கழற்றியதும் முனையை விரலில் தடவித் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் என்றால் வாசனை தூக்கும், கொஞ்ச நேரத்தில் விரல் காய்ந்துவிடும். ஆயில் என்றால் பிசுபிசுப்பு போகாது. பெட்ரோலாக இருந்தால் அந்த சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை. அந்த வண்டியில் காயிலிலிருந்து பிளக்குக்கு ஒயர் போகும். ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் புகையாக அடியுங்கள், கையை மட்டும் தள்ளி வையுங்கள். இத்துப்போன ஒயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காலை நேர நடுக்கம் இதனால்தான் என்று சந்தேகப்படுகிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் மூன்றாவது சிலிண்டர் பெட்ரோல் எரியாமல் நேரே கன்வெர்ட்டருக்குப் போகிறது.

இங்கே ஒன்று. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். ஒயரைப் பிடுங்கினால் தீப்பொறி நிற்கும், பெட்ரோல் நிற்காது. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது பெட்ரோலே போகாது, பதிலும் அதேதான் கிடைக்கும்.

அடுத்து ஆயில். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் உண்டு. சிலிண்டருக்குள் ஆயில் எரிந்தால் அது சாம்பலாகப் போய் கன்வெர்ட்டர் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். அதைக் கழுவி எடுக்க வழி கிடையாது. ஆயில் எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது செகண்ட் கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரு நீளமான இறக்கம் வாருங்கள். சமமான இடம் வந்ததும் மிதியுங்கள். பின்னால் வரும் வண்டியில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்த நேரத்தில் நீலப் புகை குபுக்கென்று வந்தால், வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கிறது. ஏறும்போது, லோடில், விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதோடு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். இவ்வளவுக்கும் முன்னால் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்பும் வால்வு) கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். சின்னச் சாமான், விலை குறைவு, அது அடைத்தாலே ஆயில் குடிக்கும்.

டாப்-அப்புக்கு எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்றும் பாருங்கள். நம் பக்கம் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுகிறார்கள். டீசல் ஆயிலில் அந்தச் சேர்மானம் பொதுவாக அதிகம். பெட்ரோல் ஆயிலில் 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற வகைகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான் அந்த வரம்பே வந்தது. டின்னில் எஸ்எம் அல்லது அதற்குப் பிந்தைய எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, மேனுவலில் சொன்ன கிரேடில் வாங்குங்கள்.

நீங்கள் கவலை இல்லை என்று சொன்ன இடத்தில்தான் எனக்குப் பெரிய கவலை. முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட்டை விடாமல் மூடியிருக்கும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று எடுத்துப் போட்டுவிடும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. கார்புரேட்டர் வண்டியில் அது ஓடிவிடும். ஊசி வழியாகப் பெட்ரோல் அடிக்கும் வண்டியில் கம்ப்யூட்டர் கூலன்ட் சூட்டைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்கிறது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் அதிகச் சூட்டில் வேகும், மைலேஜ் குறையும், சிலிண்டர் சுவரில் ஆயில் கரைந்து ரிங்கும் தேயும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாயும் சைலன்சரில் போடாதீர்கள்.

கூலன்ட் அளவையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒழுகலே இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். அதுவும் கன்வெர்ட்டருக்கு விஷம்தான்.

இதையெல்லாம் முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள். மாட்டுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

ஈரோடு_புகைச்சோதனை:

மணி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஈரோட்டில் புகைப் பரிசோதனை மையம் நடத்துகிறேன், தினமும் இந்த அளவுகளோடுதான் வேலை.

கோவையில் 2005-ல் பதிவான வண்டி என்றால் எந்த மாதம் என்று ஆர்சியில் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரலில்தான் பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைத் தரம் நாடு முழுக்க வந்தது. அந்தத் தர வண்டி ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம், 1,500 வரை இடம் உண்டு. எஸ்டீம் நண்பருக்குப் பிரச்சினை வராததற்கு அந்தப் பழைய வரம்பு காரணமாக இருக்கலாம். கன்வெர்ட்டர் இல்லாமல் 0.5-க்குள் நிற்பது கஷ்டம். எடுத்துவிட்டு ஓட்டுவது சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கும்போதும் சோதனைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்.

பீளமேடு சகோதரருக்கு ஒரு யோசனை. இன்ஜின் வேலை முடிந்ததும், புதியதை மாட்டுவதற்கு முன்னால், பழைய கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு பைப் வைத்து அனலைசரில் ஒரு அளவு எடுங்கள். கன்வெர்ட்டர் நடுவில் இல்லாததால் இன்ஜின் என்ன வெளியே விடுகிறது என்பது அப்படியே தெரியும். நன்றாகச் சூடான, ஒழுங்காக ஓடும் இன்ஜின் என்றால் கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும், ஹைட்ரோகார்பன் சில நூறில் நிற்கும். மோனாக்சைடு மூன்று, நான்கு என்று போனால் பெட்ரோல் அதிகம். மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினால் எங்கேயோ மிஸ்ஸிங் இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் புதியதை மாட்டாதீர்கள்.

ஓட்டையுள்ள பைப்போடு அளக்க வேண்டாம். வெளிக்காற்று கலந்து எல்லாமே குறைவாகக் காட்டும். கருவியில் ஆக்சிஜன் அளவு அதிகமாகக் காட்டினால் அந்த ரீடிங்கையே நம்ப வேண்டாம். சர்டிஃபிகேட் மட்டும் கேட்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். டியூனிங்குக்காக அளந்து காட்டுங்கள் என்று கேட்டால் எந்த மையத்திலும் மறுக்க மாட்டார்கள்.

பீளமேடு_ஆக்சென்ட்:

மணி அண்ணா, ஈரோடு அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனோம். பொறுமையான மனிதர், நீங்கள் எழுதியதை போனில் காட்டினேன், முழுதாகப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங் காலி. உள்ளே வெறும் கேஸ்கெட் மட்டும் இருந்தது. யார் எப்போது எடுத்தார்கள் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, பில் எதிலும் இல்லை. புதியது போட்டதும் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நிற்கிறது.

மூன்றாவது பிளக்கில் இருந்தது ஆயில், பெட்ரோல் இரண்டும். ராத்திரி தண்ணீர் அடித்துப் பார்த்தபோது மூன்றாவது ஒயரின் முழங்கை மடிப்பில் பொறி ஓடியது, அப்பா நின்று பார்த்து அசந்துபோனார். ஒயர் செட், நான்கு பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கம்ப்ரஷன் மூன்றாவதில் மட்டும் லேசாகக் குறைவு, ஆயில் விட்டும் ஏறவில்லை. குன்னூர் இறக்கத்தில் பர்லியாறு தாண்டி மிதித்ததும் நீலப் புகை வந்ததைத் தம்பி பின்னால் பைக்கில் வந்து வீடியோ எடுத்திருக்கிறான். வால்வு சீல் எட்டுக்கு மேல் போட வேண்டும் என்றார், ஹெட்டைக் கழற்றி சீலெல்லாம் மாற்றி, வால்வு உட்காரும் இடங்களைத் தேய்த்து, புது ஹெட் கேஸ்கெட்டோடு ஏற்றியாகிவிட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கில் இப்போது கிட்டத்தட்ட இறங்குவதே இல்லை.

பழைய கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தோம். இன்ஜின் பக்க முகத்தில் ஒரு ஓரமாக ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு உருகிக் கட்டியாகியிருக்கிறது. மிச்ச முகம் முழுக்க வெளுத்த படலம். பின்பாதி மூன்று துண்டாக உடைந்து கிடக்கிறது. நீங்கள் சொன்ன எல்லாமே ஒரே டப்பாவில் இருந்தன.

பைப் வைத்து அளந்ததில் மோனாக்சைடு 0.7, ஹைட்ரோகார்பன் 210. போதுமா அக்கா?

இப்போது மாட்டும் வேலை. சைலன்சர் கடைக்காரர் ஜாயின்டில் எல்லாம் சிலிக்கான் பேஸ்ட் போட்டு இறுக்கினால் ஒழுகாது என்கிறார். கன்வெர்ட்டர் வெளிச்சந்தையில் மூன்று விலையில் சொல்கிறார்கள், வித்தியாசம் பெரிதாக இருக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பழைய ஆக்சிஜன் சென்சாரையே போடலாமா? கழற்றவே வர மாட்டேன் என்கிறது.

ஈரோடு_புகைச்சோதனை:

ரொம்ப நல்ல ரீடிங். தைரியமாக மாட்டுங்கள். மாட்டிய பிறகு சூடாக்கி ஒரு தடவை அளந்து, அந்தத் தாளை பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மேட்டுப்பாளையம்_மணி:

நல்ல வேலை தம்பி. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, மீதியையும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

மூன்று விலையில் கீழ் விலையை விட்டுவிடுங்கள். வெளியே டப்பா ஒன்றுதான், உள்ளே பூசியிருக்கும் உலோகத்தின் அளவில்தான் விலை வித்தியாசமே. எந்த வண்டிக்கும் ஆகும் என்று விற்கும் சின்ன டப்பாக்கள் கொஞ்ச நாள் அளவு காட்டும், அப்புறம் ஓய்ந்துவிடும். உங்கள் இன்ஜினுக்கென்று பார்ட் நம்பர் போட்டு, பில்லோடு வருவதை வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் காதருகே வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள், சத்தம் இருக்கக் கூடாது. உடம்பில் அம்புக்குறி இருக்கும். புகை போகும் திசை அது. மாற்றி மாட்டிவிட வேண்டாம்.

சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். குறிப்பாக ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் உள்ள எந்த ஜாயின்டிலும் எந்தப் பேஸ்டும் போட விடாதீர்கள். சாதாரண சிலிக்கானின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். கம்ப்யூட்டருக்குத் தப்பான தகவல் போகும், பெட்ரோல் அளவு கெடும், அதன் அடி கன்வெர்ட்டரில் விழும். ஹெட் கவர், ஆயில் பேனுக்குப் போடும் சிலிக்கானும் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதியதாக இருக்க வேண்டும். புளித்த வாடை அடிக்கும் டியூபைத் தொடாதீர்கள். ஜாயின்ட் ஒழுகக் கூடாது என்றால் புது கேஸ்கெட், புது போல்ட், புது ஸ்பிரிங். பழைய ஃபிளாஞ்ச் முகத்தை ஒயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஸ்கேல் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சென்சாருக்கு முன்னால் சின்ன ஒழுகல் இருந்தாலும் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், புகை தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் போவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குறைவு என்று சொல்லும். கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுக்கும். நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த பெட்ரோல் திரும்ப வந்துவிடும். மேனிஃபோல்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்னால் ஒருவர் தடித்த ஈரத்துணியால் வாயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், ஒழுகும் இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழியும் வரும்.

சென்சார் அந்த வயதுக்கு மாற்றுவதே நல்லது. ராத்திரியே மரையில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். காலையில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில், ஒயருக்கு வெட்டு விட்ட 22 எம்எம் சாக்கெட் போட்டால் வந்துவிடும். புதியதின் மரையில் பெரும்பாலும் கம்பெனியே பேஸ்ட் பூசி அனுப்பும், மேலே நாம் பூச வேண்டியதில்லை. முனையை விரலால் கூடத் தொடாதீர்கள்.

பின்பாதி மூன்று துண்டு என்றீர்கள் அல்லவா? அது சூட்டினால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இன்ஜின் மவுண்டையும் பாருங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை லேசாக விட்டுப் பிடித்தால் இன்ஜின் எவ்வளவு தூக்குகிறது என்று தெரியும். மவுண்ட் போயிருந்தால் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் கன்வெர்ட்டரைத்தான் பிடித்து முறுக்கும்.

மாட்டும்போது முழுச் செட்டையும் ரப்பரில் தொங்கவிட்டு, எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் பிடித்து, பைப் எங்கேயும் இழுபடாமல் நேராக உட்கார்ந்த பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு இடத்தில் எட்டவில்லை என்றால் பைப்பை வளைத்து இழுத்து போல்ட் போட விடாதீர்கள், அந்த இழுப்பு முழுதும் பீங்கானில் போய் நிற்கும். வெல்டிங் வேண்டியிருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, கன்வெர்ட்டர் உடம்பிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். பழைய ஹீட் ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் திரும்ப மாட்டுங்கள். சூடு உள்ளேயே நிற்கட்டும் என்று கன்வெர்ட்டர் மேல் துணி நாடா சுற்றுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டில் அடியிலிருந்து லேசாகப் புகையும் கருகல் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். உள்ளே பீங்கானைச் சுற்றியிருக்கும் பாயில் உள்ள பசை எரிகிறது. அந்தப் பாய் முதல் சூட்டில்தான் உப்பிப் பீங்கானை இறுகப் பிடிக்கும். அதனால் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் ஆக்ஸிலேட்டரை 2,500 ஆர்பிஎம் அளவில் பிடித்து, ஆறவிட்டுப் பிறகு ரோட்டில் எடுங்கள். முதல் நாளே குன்னூர் ஏற்ற வேண்டாம்.

அதற்குப் பிறகு அன்றாடம் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பேட்டரி இறங்கினால் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்யாமல் ஜம்பர் கேபிள் போடுங்கள். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு டேங்க் வற்றும்வரை ஓட்ட வேண்டாம், பெட்ரோல் விட்டு விட்டு வந்தாலும் மிஸ்ஸிங்தான். செக் லைட் மினுக்கினால் அன்றைக்கு அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

பீளமேடு_ஆக்சென்ட்:

எல்லாம் குறித்துக்கொண்டேன் அண்ணா. மேல் விலை கன்வெர்ட்டரே சொல்லியாகிவிட்டது, ரப்பரும் இடப்பக்க மவுண்டும் அதோடு வருகின்றன. ஒன்றே ஒன்று. அப்பா தினமும் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில்தான் போவார். மழைக் காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும். அது கன்வெர்ட்டரைத் தாக்குமா?

மேட்டுப்பாளையம்_மணி:

ரோட்டில் நனைந்து தெறிக்கும் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, ஷீல்ட் அதற்குத்தான் இருக்கிறது. கன்வெர்ட்டர் மூழ்கும் அளவுக்கு, அதாவது சக்கரத்தின் நடுவை எட்டுகிற தண்ணீரில் சூடான வண்டியை இறக்கினால் பீங்கான் விரிசல் விடும். அந்த நாட்களில் அவினாசி ரோடு மேம்பாலம் வழியாகச் சுற்றி வரச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி, ஆறிய நிலையில் எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். ஹெட் வேலை செய்த இன்ஜின் என்பதால் அன்றைக்கே ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.